நாற்பத்தேழாம் கம்பம்

புகார்ப் புத்தகத்தில் இப்படித்தான் எழுதியிருந்தது:
மேலப்பாளையம், குறுக்குத் தெரு, கம்பம் 47.
எவரோ சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள்.

கத்திரி வெயில்.
ஏணியைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தால்
முழங்கால் உயரத்தில் தொடங்கி
எண் எழுதிய தகரத்தை மட்டும் விட்டுவிட்டு
என் தலைக்கு மேலே ஒரு முழம்வரை
பச்சைக் கம்பளி நூல்,
இடுப்பில் மஞ்சள் பட்டை,
பட்டையில் வரிசையாக மீன்கள்.
"விமானம்லா அது" என்றான் ஒரு பொடியன்.

தண்ணி வராத அடிபம்புக்கும்
கைப்பிடியில் ஊதா உறை.
"வெக்கை நமக்குத்தான்வே,
கம்பத்துக்குக் குளிருது"
டீக்கடையில் ஒரே சிரிப்பு.

ஏ.இ. போனில் சொன்னார்:
வெட்டி எறிஞ்சிட்டு வாரும்.

குறடை எடுத்தேன்.
எங்கே வெட்ட என்று தடவியபோது
விரலில் இடறியது முடிச்சு.
அந்த முடிச்சை எனக்குத் தெரியும்.
வீட்டில் முப்பிடாதி
நாளைக்கு எண்ணூறு தடவை போடுகிறாள்:
இரண்டு சுற்று, ஒரு இழுப்பு,
நகத்தால் உள்ளே ஒரு தள்ளு.
பீடிக்கட்டு.

திரும்பிப் பார்த்தேன்.
மடியில் சுளகோடு
வாசல் வாசலாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும்
சட்டென்று குனிந்து
இலை வெட்டினார்கள்.

குறடைப் பையில் போட்டுவிட்டு
நகத்தால் நெம்பினேன்.
வந்தது பாருங்கள் நூல்,
நான் சுற்றச் சுற்ற வந்தது.
எந்தக் கோயிலையும் இத்தனை தடவை
நான் சுற்றியதில்லை.
பிள்ளைகள் எண்ணினார்கள், நூறு தாண்டியதும்
எண்ண மறந்து கூடவே சுற்றினார்கள்.
மீன்கள் ஒவ்வொன்றாக வாலில் இருந்து கரைந்தன.
கடைசியில் என் கையில்
தேங்காய் பருமனுக்கு ஒரு உருண்டை,
எதிரே வெறும் சிமெண்ட்.

யாருது இது?
செய்யதலி பாத்திமா சொன்னாள்:
"எனக்குக் கண்ணே தெரியாது அண்ணாச்சி."
சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள்.
ஜொகரா சொன்னாள்:
"கம்பெனிக்காரன் எங்களுக்குச் சிவப்பு நூல்தான் தாரான்."
ஒரு சின்னப் பிள்ளை மட்டும்
கம்பத்திடமே கேட்கச் சொன்னது.

அகற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அகற்றியதைக் கொண்டுவா என்று
ஏ.இ. சொல்லவில்லை.
உருண்டையை ஸ்டே கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த செவ்வாய் அதே தெருவில் ஜம்பர் அறுந்தது.
ஒரு மணி நேரம் மேலே.
இறங்கி வந்து வண்டியைப் பிடித்தேன்,
மே மாதத்துப் பதினொன்றரை மணிக்கு
கை சுடவில்லை.
இரண்டு பிடியிலும் பச்சை உறை,
ஆளுக்கொரு மஞ்சள் மீன்.

தெருவே குனிந்து இலை வெட்டிக்கொண்டிருந்தது.

பிரேக் பக்கம் மட்டும்
கொஞ்சம் இறுக்கம்.
யாரிடம் சொல்ல?