தொரைக்கு நிறை போட்டது

எங்கள் முயலுக்குத் தொரை என்று பேர்.
இரண்டு காலில் எழும்பி நின்று
மலையையே பார்வையிடும், அதனால்.

ஆடி மழைக்குள்
அந்த நிற்பு நின்றுபோனது.
லயத்துச் சிமெந்தில் பின்னங்கால் வழுக்கி
விரிந்த கத்தரி மாதிரிக் கிடக்கும்.
காதைச் சொறியக் கால் தூக்கும்;
பாதியில் மறந்ததுபோல் கீழே வைத்துவிடும்.
வாலடியெல்லாம் ஈரம், நாற்றம்.

ஹட்டன் மிருக டொக்டர்
இடுப்பை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.
மூட்டுத் தேய்மானம். சுகப்படாது, வலி குறையும்.
மருந்து நிறைக்குத் தக்கபடி.
அவருடைய தராசு பழுது.

அந்திக் கொழுந்து நிறுக்கும் வரிசையில்
நானும் நின்றேன்,
சீலைத் துண்டில் முடிந்த தொரையோடு.
செபமாலை சிரிக்காமல் கொக்கியில் மாட்டினார்.
வாய்ப் பழக்கம்:
"ரெண்டே முக்கால்.
சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு போக
முக்கால் கிலோ."

மலைச்சரிவே சிரித்தது.
தொரைக்கே ரெண்டு கிலோ வெட்டு!
பவளக்கொடிக்குச் சிரித்துச் சிரித்து
விக்கல் பிடித்துக்கொண்டது.

கழிக்காத நிறைக்குத்தான் மருந்து.
பிரட்டுக்குப் போகுமுன், கடைவாயில், சொட்டுச் சொட்டாய்.
வழுக்காமலிருக்க
என் பழைய படங்கைக் கிழித்து விரித்தேன்.
பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டினேன்,
ஏறவேண்டாம், நடந்தே போகட்டும்.
இராவில் துணி சுற்றிய சுடுதண்ணிப் போத்தல்.
என் முழங்காலும்
அதன் பக்கத்தில் கொஞ்சம்.

ஒன்பதாம் நாள்.
எழும்பி நிற்கவில்லை.
காதைச் சொறிந்தது, முழுசாய்.
பிளேன்டீயை வைத்துவிட்டு எண்ணினேன்:
மூன்று தரம்.
ஒன்றும் கழிக்கவில்லை.