கொசுறுக்குப் போட்ட விலை

ரெண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது.
கூரியர் பையனுக்குக் கவுண்டரில் இருந்தபடியே
எண்ணிக் கொடுத்தேன்.
வரிசையில் முதலாவதாக நின்றவர் கேட்டார்,
"நாங்க கரண்ட் பில்லு கட்டுத இடத்துல
நீங்க யாருக்குக் கட்டுதீய?"

இதே பதினொரு பாட்டும் என்னிடம் உண்டு.
கேசட்டாக ஒன்று, நாடா சுருண்டது.
சிடியாக ஒன்று, எட்டாம் பாட்டில் திக்குவது.
போனில் சும்மாவே கிடைக்கிறது, விளம்பரத்துக்கு நடுவே.
மூன்றாம் முறையாகக் காசு கொடுத்திருக்கிறேன்.
பெட்டி இம்முறை கனம்.

இருபதாம் ஆண்டு டீலக்ஸ் பதிப்பு.
கறுப்பு அட்டை, வெள்ளி எழுத்து,
நாற்பது பக்கப் புத்தகம்,
அதில் பன்னிரண்டு பக்கம் வெறும் கறுப்பு.
பாடகி கைப்பட எழுதிய வரிகள்,
ஓரத்தில் 'நகல்' என்று அவர்களே அச்சடித்தது.
ஒரு மூலை வழியிலேயே நசுங்கியிருந்தது.
ஆயிரத்தில் நானூற்றுப் பதினேழாவது பிரதி.
சர்வீஸ் நம்பரைப் போல இரண்டுமுறை சரிபார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது,
போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றுமில்லை.
இப்போது வரும் லேப்டாப்புக்கு அந்த வாயே கிடையாது.

பீர்மைதீனின் பழைய இண்டிகாவில் இருக்கிறது.
"எங்க போணும்க்கா?"
"எங்கயும் இல்ல. ஒரு தட்டு ஓடி முடியுத தூரம்."
கிலோமீட்டருக்குப் பதினாறு என்றார்.
ஏசி வேண்டாம் என்றேன், இரைச்சல்.

முதல் தட்டின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.
இரண்டாம் தட்டில்
அன்றைக்கு விட்டுப்போன மூன்று பாட்டு.
விட்டது நியாயம்தான் என்று
கொக்கிரகுளம் பாலம் தாண்டுமுன் தெரிந்துபோயிற்று.
பிறகு அதே பாட்டு, வேறு வேகத்தில்.
அதே பாட்டு, தபலா இல்லாமல்.
அதே பாட்டு, தபலா மட்டும்.
கேடிசி நகர் வரை பொறுத்தார் பீர்மைதீன்.
"ஏக்கா, முன்ன நல்லாத்தான இருந்துச்சு?
எதுக்கு இப்பிடிக் கழட்டிக் கழட்டி விக்குதான்?"

பாளையங்கோட்டை மார்க்கெட்டில்
நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால்
கேட்காமலே கறிவேப்பிலை வைப்பாள் ஞானசெல்வி.
கேட்டால் ரெண்டு பச்சைமிளகாயும்.
இவர்கள் காயை எனக்கு மூன்றுமுறை விற்றுவிட்டு
கறிவேப்பிலைக்கு ரசீது போடுகிறார்கள்.
சவத்த, நிறுத்துங்க என்று சொல்ல வாயெடுத்தேன்.

மூன்றடைப்புக்கு இந்தப் பக்கம், ஒன்பதாவது.
அவள் பல்லவியை எடுத்தாள்.
இரண்டாம் வரியில் குரல் உடைந்தது.
நாற்காலி இழுபடும் சத்தம்.
"தண்ணி இருக்கா?"
யாரோ ஏதோ சொல்ல, சிரித்தாள்.
மடக்கு மடக்காகக் குடித்தாள்.
டம்ளரை வைத்தாள்.
விட்ட இடத்திலிருந்து
உடைந்ததே இல்லாதவள் போலத் தொடங்கினாள்.

பீர்மைதீன் வண்டியை ஓரங்கட்டிப்
பாட்டிலைப் பின்னால் நீட்டினார்.
நான் கேட்டதாக நினைத்துவிட்டார்.
ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்தேன்.

பதினான்கு வினாடி.
சாதாரணப் பதிப்பு முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கழித்து, வகுத்தால்
வினாடிக்கு நூற்று அறுபத்தெட்டு ரூபாய் வருகிறது.
இந்த ஸ்லாபில் எந்த வீட்டுக்கும் நான் பில் போட்டதில்லை.
வாங்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.
ஆபீசில் கேட்டார்கள், சும்மா பார்த்தேன் என்றேன்.

நாங்குநேரி டோல்கேட்டுக்கு முன்னாலேயே
திருப்பச் சொன்னேன்.
இன்றைக்கு இதற்குமேல் யாருக்கும் தண்டம் அழ முடியாது.

ஜங்ஷனில் கணக்குப் பார்த்தார்.
நாற்பத்தெட்டு கிலோமீட்டர்,
எழுநூற்று அறுபத்தெட்டு.
எழுநூறு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.
"இருக்கட்டும்க்கா.
அந்தத் தண்ணி குடிக்கித இடத்த
இன்னொருக்க போடட்டா?"

பெட்டி மடியில் இருந்தது.
நசுங்கிய மூலையை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.
ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால்
மூன்று வண்டி நின்றது.