நாலு தவணை

ஜெலுத்தோங் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
லிஃப்ட் படுத்திருந்த நாளில்
இரண்டு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள்.
ஒன்பதாம் நாள் உறுமியது.
பன்னிரண்டாம் நாள்
மகனின் பள்ளிச் சீருடையை வாயில் வைத்துக்கொண்டு
கதவைப் பூட்டிக்கொண்டது.

"உங்க வீட்டுத் தரை சரியில்லக்கா" என்றார்
கடைக்கார தியோ, நல்ல தமிழில்.
அடுத்த முறை, கரண்ட் சரியில்லை.
அதற்கடுத்த முறை, சவர்க்காரம்.
விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று
ரசீதின் அடியில் எறும்பெழுத்து.
பழுதானதை விற்பதில்லை என்று
எங்கும் போடவில்லை.

ஐந்து வெள்ளி கட்டி மனுக் கொடுத்தேன்.
வக்கீல் கூடாது, நீயே பேசு என்றார்கள்.
படித்த மலாய் எல்லாம் தொண்டையில் நிற்க
"ரோசாக்" ஒன்றுதான் வெளியே வந்தது.
கைப்பேசியில் பதிந்ததைப் போட்டேன்.

தகர டிரம்மில் கல் உருட்டுகிற சத்தம்,
அறை முழுக்க.
நடுவில் என் குரல்.
பதிவானதே எனக்குத் தெரியாது:
"இன்னும் நாலு தவணை இருக்குடா,
அதுவரைக்குமாவது ஓடு."

தியோ சிரித்துவிட்டார்.
தீர்ப்பு சொல்ல உட்கார்ந்திருந்த அம்மையார்
என்ன சொன்னாய் என்று கேட்டார்.
மலாயில் சொன்னேன், தடங்கல் இல்லாமல்.
"எத்தனை தவணை?"
மறுபடி கேட்டார், எழுதிக்கொள்ள.

பணம் வந்துவிட்டது.
அதை எடுத்துப்போகத்தான் ஆள் வரவில்லை;
தலையில் வெங்காயக் கூடையோடு நிற்கிறது.
சீருடையில் பூசணப் புள்ளிகள்,
எவ்வளவு கசக்கியும் போகவில்லை.
மனுவில் அதைச் சேர்க்க
மறந்துபோனேன்.