எட்டு கிராம்

டிசம்பர் பத்து.
பதினொன்றரைக்குத்தான் இங்கே வானம் வெளுக்கிறது.
சூரியன் இந்த மாதம் எங்கள் ஃபியோர்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை;
எதிர்க்கரை உச்சியில் கொஞ்சம் செம்மையைப் பூசிவிட்டு
வேறு வேலைக்குப் போய்விடும்.

அஞ்சலகம் மூடி ஆறு வருடம்.
பாலும் பேட்டரியும் தூண்டில் முள்ளும் விற்கும் என் கடையில்
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தராசு, ஒரு முத்திரை.
ஐஸ்லாந்தின் இந்த மூலைக்கு
அதுதான் இப்போது அஞ்சலகம்.

மாலையில் இரண்டையும் தூக்கிக்கொண்டு
மீன் ஆலையின் உணவுக்கூடத்துக்குப் போனேன்.
ஊர் அங்கே உட்கார்ந்து கடிதம் எழுதும், வருடம் தவறாமல்.
பாதிரியார், பள்ளிப் பிள்ளைகள், படகுக்காரர்கள்.
இடம் தருவது ஆலை மேலாளர் ஹால்கிரிமுர்.
மெழுகுவர்த்தியும் காப்பியும்கூட அவர் செலவு.

இந்த வருடம் சுவரில் ஓர் ஆசிரியையின் படம்.
அணை யாருக்காக என்று கேட்டதற்கு உள்ளே இருக்கிறாள்,
எங்களில் ஒருவரும் பார்த்திராத நாட்டில்.
அவள் பெயர் நாக்கில் படியும்வரை
சேர்ந்து சொல்லிப் பார்த்தோம். மூன்று முறை.
நான்காம் முறை பிள்ளைகள் சிரிக்காமல் சொன்னார்கள்.

‘மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு’
என்றுதான் தொடங்க வேண்டும்.
கோபத்தை மரியாதையாக எழுதுவது விதி.
படகுக்கார எய்னாருக்கு அது வராது;
இரண்டு தாளாவது கிழிப்பார்.
ஹால்கிரிமுரின் எழுத்தோ அச்சுக் கோத்ததுபோல்:
‘அவரது ஆவணங்களைத் திருப்பித் தந்து
விரும்பிய இடம் செல்ல அனுமதிக்குமாறு…’

காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தவள்,
பொட்டலம் கட்டும் நான்காம் வரிசைப் பெண்,
என்னிடம் ஒரு தாள் கேட்டாள்.
இவளுக்கும் எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தபடி கொடுத்தேன்.

நின்றபடியே எழுதினாள். நாலே வரி.
உறையில் போடவில்லை, தராசுக்குக் கொண்டுவரவில்லை.
மேசையின் குறுக்கே கை நீட்டி
ஹால்கிரிமுரின் காப்பிக்கு அருகில் வைத்தாள்.
“இதற்குத் தலை ஒட்ட வேண்டாம்” என்றாள் என்னிடம்,
எங்கள் மொழியில்,
ஒரு வேற்றுமை உருபுகூடப் பிசகாமல்.

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கினார்.
வாசித்தார். திரும்ப வாசித்தார்.
மெழுகு ஒரு சொட்டு வழிந்து
அமைச்சரின் பெயர்மேல் உறைந்தது.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
விட்ட வரியைத் தொடரப் பேனாவை எடுத்தார்.
பேனா நகரவில்லை.

அன்று எழுபத்து மூன்று கடிதங்கள்.
ஒவ்வொன்றையும் நிறுத்தேன்:
எட்டு கிராம், எட்டு கிராம், எய்னாருடையது பதினொன்று.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை.
மூன்று வருடமாக, மாதம் ஒன்று,
போலந்திலிருந்து அவளுக்குப் பார்சல் வரும்,
காய்ந்த காளான் வாசனையோடு.
அடையாளம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.
முதல் தடவை கேட்டபோது அவள் காது சிவந்தது.
“பாஸ்போர்ட் ஆலையில் இருக்கிறது. பெட்டகத்தில்.”
“பரவாயில்லை” என்றேன்.
அப்புறம் நான் கேட்டதேயில்லை.
அந்தப் பரவாயில்லையை
மூன்று வருடம்
கருணை என்று நம்பியிருக்கிறேன்.

மறுநாள் கடை திறந்ததும் வந்தாள்.
பார்சல் ஏதும் வந்திருக்கவில்லை.
“கேளுங்கள்” என்றாள்.
புரிய எனக்குச் சற்று நேரமானது.
“அடையாளம்?”
கல்லாமேல் வைத்தாள்.
மூலை மடங்காத சிவப்பு அட்டை,
கடலைத் தாண்டி ஒரே ஒரு முறை வந்தது.

“மற்ற ஐந்து பேருடையது?”
தோளைக் குலுக்கினாள். “அவர்களிடமும் தாள் இருக்கிறது.”

திறந்து வாசித்தேன்.
போகுமிலா பியெட்… பியெட்ஷ்…
அவள் சொல்லித் தந்தாள். திரும்பச் சொன்னேன்.
பாலுக்கு வந்தவர்கள் பின்னால் வரிசையில் நிற்க,
மறுபடியும் தப்பாகத்தான் வந்தது.
“இன்னொரு முறை” என்றேன்.