படுத்துப் பார்த்து வாங்கிய வண்டி

ஷோரூமில் என் தங்கை உமையாள்
செருப்பைக் கழற்றிவிட்டு
வண்டியின் பின்தட்டில் ஏறிப் படுத்துவிட்டாள்,
கைப்பையைத் தலைக்கு வைத்து.
டார்க், டர்போ, ஆறு காற்றுப்பை என்று
ஒப்பித்துக்கொண்டிருந்த பையன் பேச்சை நிறுத்தினான்.
"கால் வெளியே போகுது ஆச்சி."
நாலேமுக்கால் அடி.
அவள் ஐந்தடி இரண்டங்குலம்.
நான் அவளைவிட ஒரு விரற்கடை கூட.

மின்வாரியத்தில் முப்பத்தோரு வருஷம்
அடுத்தவர் வீட்டு மீட்டரைப் படித்தவள் நான்.
ஓய்வுப் பணம் வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்:
லாட்ஜ் வேண்டாம், சாவி வேண்டாம்,
ஒரு மாசம் மலைமலையாகப் போய்
வானத்துக்குக் கீழே தூங்கணும்.
அவளுக்கு இன்சுலின். எனக்கு முதுகு.
இரண்டையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி.

செக்காலையில் சேவியர் பட்டறையில் நின்றது மற்றது.
தொண்ணூற்றெட்டு மாடல், வெளிறிய நீலம்,
புதுவயல் மில்லிலிருந்து அரிசி சுமந்த உடம்பு.
பின்தட்டு எட்டடி.
உமையாள் அதிலும் படுத்தாள்.
கையை விரித்தாள். புரண்டாள்.
இன்னும் இடம் இருந்தது.
எழுந்தபோது முதுகில்
துரு ஒரு தேசப்படம் வரைந்திருந்தது.

"இதுல கம்ப்யூட்டர் கிடையாது" என்றார் சேவியர்,
சர்க்கரை கிடையாது என்பதுபோல.
"நடுக்காட்டுல நின்னாலும்
ஒரு ஸ்பானர், கொஞ்சம் சணல், ஒரு சோப்புக்கட்டி போதும்."
சோப்பு எதற்கு?
டீசல் டேங்க் ஒழுகினால் அடைக்க.
ஒழுகுமா?
அவர் மேற்கூரையைப் பார்த்தார்.

குன்றக்குடி வரை ஓட்டிப் பார்த்தோம்.
கிளட்ச் என் காலை எதிர்த்துப் பேசியது.
ஐம்பதைத் தாண்டியதும்
கண்ணாடி, கதவு, என் பல்
மூன்றும் ஒரே சுருதி.
திரும்பும்போது கண்மாய்க்கரையில் நின்றுவிட்டது.
பத்தே நிமிஷம்:
கிடை ஆட்டுக்காரர், பால்காரர்,
பேருந்தை நிறுத்தி இறங்கிய கண்டக்டர்.
ஆளுக்கொரு வைத்தியம்.
டீசல் லைனில் காற்றாம்.
ஒருவர் பம்பை அமுக்க, ஒருவர் நட்டைத் தளர்த்த
குமிழி குமிழியாக வெளியே வந்தது
வண்டிக்குள் அடைந்திருந்த மூச்சு.

புதுசு நின்றால் யார் வருவார்கள்?
பானட்டைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி.
திருச்சியிலிருந்து ஒரு லேப்டாப் வரவேண்டும்,
அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு வரவேண்டும்.

ராத்திரி நோட்டில் நடுக்கோடு கிழித்தேன்.
விலை, படுக்கை, பால்காரர்.
எழுத எழுதப் பழசு ஜெயித்துக்கொண்டே வந்தது.
உமையாள் ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்தாள்,
வயிற்றைக் கிள்ளி ஊசி போட்டாள்,
மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள்.
ரப்பர் ஒட்டி மூடும் அந்தச் சின்னச் சத்தம்.
நோட்டை மூடினேன்.

ஆக, புதுசு.
மலை உச்சியிலும் குளிர்பெட்டிக்கு
மின்சாரம் குறையாத புதுசு.
பின்கதவைத் தாழ்த்திப் பலகை போட்டால் கால் தங்கும்,
மழை வந்தால் கால் மட்டும் நனையும்.
சேவியரிடம் சொல்லப் போனேன், பயந்துகொண்டே.
அவர் கோபிக்கவில்லை.
சணலையும் சோப்பையும் தினத்தாளில் பொட்டலம் கட்டினார்.
"அதுல டேங்க் பிளாஸ்டிக்கு.
பரவாயில்லை, குளிக்க ஆகும்."

ஐப்பசி பாதியில் கிளம்பினோம்.
திருமயம் கோட்டை பின்னால் போனதும்
என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.
எண்பத்தி நாலே கிலோமீட்டர் ஓடிய வண்டி.
உதவி எண்ணில் ஒரு குரல்
தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது,
அழுத்தியபின் காத்திருக்கச் சொன்னது.
"வண்டி ஓடுதா?" என்றாள் உமையாள்.
"ஓடுது."
"பெட்டி?"
"குளிருது."
அவள் நெற்றிப் பொட்டை எடுத்தாள்,
அரக்குச் சிவப்பு, நாலணா அகலம்.
விளக்கின் மேல் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
ஓரத்தில் மட்டும் மெல்லிசாக மஞ்சள் கசிந்தது.
புதுக்கோட்டையில் டீ குடிக்கலாம் என்றாள்,
சர்க்கரை இல்லாமல்.