ஐஸ் கம்பெனி காலண்டர்

இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.
ஜனவரிக் கடைசியில் ஒரு ஜேஇஇ.
மார்ச்சில் பொதுத்தேர்வு.
முதலாவது சொதப்பினால்
ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு ஜேஇஇ.
மே முதல் ஞாயிறு நீட்.
அதற்கு மட்டும் மறுவாய்ப்பு அடுத்த வருடம்தான்.

எவ்வளவு சுலபமாக இருக்கிறது,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால்.

சமையலறைச் சுவரில் அம்மாவின் காலண்டர்,
துறைமுகத்து ஐஸ் கம்பெனி கொடுத்தது.
அங்கேதான் டோக்கன் எழுதுகிறாள்,
எந்தப் போட்டுக்கு எத்தனை பார் என்று.
சிவப்புப் பேனாவில் அவளுக்குத் தனிக் கணக்கு:
பத்தாம் தேதி சீட்டு, இருபதாம் தேதி குழுக் கடன்.
மழை மாதங்களில் வரவுக்குக் குறியே கிடையாது.
ஏப்ரல் பதினைந்து தலைகீழ்ப் பாடம்,
அன்றிலிருந்து அறுபத்தோரு நாள்
கடலுக்குள் போட்டு போகக் கூடாது.
அப்போதுதான் எஞ்சினைப் பிரிப்பார் அப்பா.
அப்போதுதான் சீட்டை எடுப்பதாக ஏற்பாடு.

ஹேமபாரதிக்கு இந்தத் தலைவலியில் பாதி இல்லை.
மஞ்சக்குப்பம் டியூஷனில்
ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
ஒரே கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போடுகிறோம்.
ஆறரைக்கு அவள் வடக்கே பஸ் ஏறுகிறாள்.
முள்ளோடை தாண்டினால் வேறு அரசாங்கம்,
வேறு ரேங்க் பட்டியல்.
நான் தெற்கே, முதுநகருக்கு.
"பேசாம எங்க கன்னியக்கோயில்ல பொறந்திருக்கலாம்டி."
பெண்ணையாற்றைக் கேட்டுக்கொண்டா பிறந்தேன்?

ஜனவரி என்றால் கிராஷ் கோர்ஸ் நவம்பரில்.
நவம்பர் என்றால் புயல்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
பள்ளிக்கு லீவு, பாடத்துக்கும் லீவு,
கரண்ட் எப்போது வரும் என்று
கரண்ட்டுக்கே தெரியாது.
அந்த நேரம் பார்த்து முப்பதாயிரம் கட்ட வேண்டும்.
ஏப்ரல் என்றால் காசு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்,
ஆனால் கையில் ஒரே ஒரு முறை.
தேர்வு மையத்துக்கு நான்கு ஊர் கேட்கிறார்கள்.
நான்காவதாக எதை எழுதுகிறோமோ
அதுதான் கிடைக்கும் என்கிறாள் ஹேமபாரதி.

ஏப்ரல் என்று முடிவு செய்தேன்.
யாரும் கேட்கவில்லை. நானாகவே அறிவித்தேன்,
சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே.
"ஜனவரி வேணாம்மா. குளிர்ல மூளை ஓடாது."
கடலூர்ல ஏது குளிர் என்று
ஏழாவது படிக்கும் கபிலேஷ்கூடக் கேட்டுவிட்டான்.
அம்மா கேட்கவில்லை.

காலண்டரில் இரண்டு தாள்தான் மிச்சம்.
அடுத்த வருடத்தை ஐஸ் கம்பெனி இன்னும் அச்சடிக்கவில்லை.
அதனால் அதன் கீழே, சுவரிலேயே,
பென்சிலில் ஐந்து மாதம் வரைந்திருந்தேன்.
ஏப்ரல் பதினைந்தில்
தடை, எஞ்சின், சீட்டு என்று நானே எழுதியும் வைத்தேன்.
சுவரில் கிறுக்கினால் கையை முறிப்பேன் என்பவள்
அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.
அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இன்று காலை தண்ணீர் குடிக்கப் போனேன்.
ஏப்ரலில் 'சீட்டு' மட்டும் அடிபட்டிருந்தது.
நவம்பர் பத்தைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு வட்டம்.
பக்கத்தில் பொடி எழுத்தில்
தள்ளு 9,500.
அதற்கும் கீழே, சுவரின் ஜனவரியில்,
என் பென்சில் தேதியைச் சுற்றி இன்னொன்று,
பேனா முனையில் சுண்ணாம்பு அடைத்துப்
பாதியில் நின்றிருந்தது.

"அப்ப எஞ்சின்?" என்றேன்.
"பேனா அடைச்சிக்கிச்சு. வரும்போது வேற சிவப்பு வாங்கியா."
நீலத்தை நீட்டினேன்.
வேண்டாமாம்.
கணக்கு கலந்துபோகுமாம்.