குமிழ் ஒன்பது மணியில்

"சென்னைக் கடையில தேன் மாதிரி இருந்துச்சு,
இங்கே வந்ததும் தகரம்"
என்று போனில் சொன்னார் சிகப்பி.
காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்கு
ஸ்குரூடிரைவரும் அளவு டேப்புமாய்ப் போனேன்.

முகப்பில் நின்று ஒரு தரம் கை தட்டினேன்.
வீடு நாலு தரம் தட்டியது.

முட்டை வெள்ளை தேய்த்த சுவர்,
ஆத்தங்குடித் தரை,
ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி இரண்டு.
முகம் காட்டும் எதுவும்
சத்தத்தையும் திருப்பித்தான் அனுப்பும்.
கடைக்காரன் தன் தரைக்கம்பளத்தைப்
பில்லில் சேர்க்கவில்லை.

"கூட்டினா வீடு பேசுது,
குறைச்சா பாட்டு செத்துப்போகுது."
சரியாகத்தான் சொன்னார்.
குமிழை இறக்க இறக்க
முதலில் போவது மிருதங்கத்தின் இடக்கை.
அவர் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்,
நம் காதுதான் அடிமட்டத்தைக் கைவிடுகிறது.
ஏற்றலாம் என்றால், மாடியில் வீட்டுக்காரர்
அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டுத்
தூங்குகிறார்.

கொஞ்சம் ஏற்றிப் பார்த்தோம்.
தம்பூராவின் கீழ்த் தந்தியில் எங்கோ ஓர் உறுமல்.
பெட்டி பழுதென்று நான் திறக்கப் போக,
சிகப்பி அறை அறையாய்க் காது வைத்தார்.
சாமான் அறையில், அடுக்கின் உச்சியில்,
அவர் கல்யாணத்துக்கு வைத்த
ஒருநாளும் உலை பார்க்காத பித்தளைச் சருவம்
அந்த ஒரே சுரத்துக்குக்
கூடப் பாடிக்கொண்டிருந்தது.
ஈரத் துண்டைச் சுருட்டி உள்ளே போட்டார்.

பிறகு மெத்தைகள்.
சீரில் வந்த பன்னிரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைக்
கண்ணாடிகளுக்கு முன்னால் நிறுத்தினோம்.
எதிரொலியில் பாதி படுத்துவிட்டது.

மீதிப் பாதிக்கு
நான் டேப்பை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன்.
அவர்தான் பெட்டிகளை
வளவைப் பார்க்கத் திருப்பினார்.
மேலே திறந்த வானம்.
போன சத்தம் போனதுதான்.
வட்டிக்கடைக்காரர்கள் கட்டிய வீட்டில்
வாங்கியதைத் திருப்பித் தராத
ஒரே இடம்.

நாற்காலியை நாலடி முன்னால் இழுத்தோம்.
கிட்டத்தில் உட்கார்ந்தால்
குமிழுக்கு அவ்வளவு வேலையில்லை.
ஒன்பது மணி நிலையிலேயே
இடக்கை வந்தது, கும்மென்று.
மாடியில் கட்டில் முனகவில்லை.

நான் வண்டியை உதைக்கும்போது கேட்டார்:
"மழை பெஞ்சா?"
ஐப்பசி பிறக்க ஆறு நாள் இருந்தது.

"பெட்டியை நனையாம உள்ளே தள்ளிட்டு
பதினொரு மணிக்கு ஏத்திக்கிடுங்க.
மழையில அவருக்குக் கேக்காது."